இரண்டாவது கவிதையின் ஆசிரியர்

தாயம்மாள் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கவிதை எழுதினால் யார் நம்புவார்கள்? நல்லவேளையாக யாரும் நம்பவேண்டிய அவசியம் வரவில்லை. அவள் எழுதிய கவிதைகளில் ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது.

தில்லி ஜனக்புரியில், அரசாங்கம் கட்டிய டி.டி.ஏ. குடியிருப்பின் இரண்டாம் மாடி ஃபிளாட்டில், பால்கனியை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து பல வருஷமாக அவள் இந்த வேலையைச் செய்துவந்தாள். தரியாகஞ்சில் பரீட்சைக் கைடு போடும் பதிப்பகம் ஒன்று அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தது. பெரிய பள்ளிக்கூடங்களில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை உண்டு. அதுவரை கண்ணாலேயே பார்த்திராத இரண்டு கவிதைகளைக் கொடுத்து, இரண்டும் ஒரே விஷயத்தை எப்படி வேறு வேறு விதமாகச் சொல்கின்றன என்று ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அதற்குப் பழக வேண்டுமானால் பார்க்காத கவிதைகள் வேண்டும். அச்சில் உள்ள கவிதையை எடுத்தால் உரிமைக்காரன் சண்டைக்கு வருவான், அல்லது ஏதாவது ஒரு பிள்ளை ஏற்கெனவே படித்திருக்கும். ஆகவே கவிதைகளையும் தாயம்மாளே எழுதினாள், அவற்றை ஒப்பிடும் மாதிரிக் கட்டுரையையும் அவளே எழுதினாள். யாரும் பார்த்திராத கவிதை என்பதற்கு, அதை அன்று காலைதான் எழுதினோம் என்பதைவிடப் பெரிய உத்தரவாதம் கிடையாது.

போர், நகரம், தாய்மை என்று பல தலைப்பு உண்டு. ஆனால் பரீட்சைக்காரர்களுக்கு உயிரான தலைப்பு நிலையாமைதான். சாவே வராது என்று நினைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டும் வயதில் இருப்பவர்களிடம் எல்லாம் அழியும் என்று எழுதி வாங்குவதில் அவர்களுக்கு என்ன திருப்தியோ. ஆக, தாயம்மாள் வருஷாவருஷம் பூ உதிர்த்தாள், மெழுகுவத்தியை அணைத்தாள், மணலில் கோட்டை கட்டி அலையைக் கூப்பிட்டாள். கூலி நேரத்துக்கு வந்தது. நிலையாமையைப்போல நிரந்தரமான வேலை தில்லியில் வேறு எதுவும் இல்லை என்று அவள் கணவர் நல்லசிவம் சொல்வார்.

நல்லசிவம் கோவில்பட்டிக்காரர். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வந்திறங்கும் சரக்கைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை. குழாய் இத்தனை, அதில் நெளிந்தது இத்தனை, துருப்பிடித்தது இத்தனை. நல்ல குழாய், அழகான குழாய் என்றெல்லாம் எழுதக்கூடாது. அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் எழுதி ஓய்வு பெற்றவர். கவிதை என்றால் அவருக்கு ஆகாது. நேரே சொன்னால் ஒரு வரியில் முடிகிற சங்கதியை ஏன் இப்படி மாடிப்படி மாதிரி இறக்கி எழுதவேண்டும் என்று கேட்பவர்.

இந்தக் கூட்டு எப்படி உண்டானது என்றால், தாயம்மாள் இந்த வேலைக்குப் புதிதாக வந்தபோது இரண்டு கவிதைகளையும் அவளேதான் எழுதிப்பார்த்தாள். ஒப்பிட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இரண்டும் ஒரே முகஜாடை. ஒற்றுமைகள் என்ற பக்கம் வழிந்தது. வேற்றுமைகள் என்ற பக்கத்தில் ‘முதல் கவிதையில் பூ சிவப்பு, இரண்டாவதில் வெள்ளை’ என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. எரிச்சலில் முதல் கவிதையை உரக்கப் படித்துக் காட்டினாள். தெருவோரத்து இலவ மரத்துப் பூ மார்ச் மாதத்தில் உதிர்வதைப் பற்றிய கவிதை. பேப்பருக்குப் பின்னாலிருந்து நல்லசிவம் கேட்டார்.

“பூ விழுந்துச்சு. சரி. யாரு கூட்டுனா?”

“கவிதையில யாரும் கூட்டமாட்டாங்க.”

“அப்ப நாறிப்போயிருமேட்டி. இலவம்பூ ரெண்டு நாள் கெடந்தா வழுக்கும் பாத்துக்க. போன வருசம் கீழ்வீட்டு மிஸ்ரா அங்கதான விழுந்து இடுப்ப ஒடிச்சாரு.”

அதையே எழுதித் தாருங்கள் என்றாள் தாயம்மாள், கிண்டலாகத்தான். அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பூ எத்தனை கூடை, கூட்டுகிறவளுக்கு எவ்வளவு நேரம், நடுவில் எத்தனை பேர் வழுக்கினார்கள். உவமை இல்லை, உருவகம் இல்லை. கவிதை என்று பார்த்தால் படு மோசம். ஆனால் தன் கவிதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தாயம்மாளுக்கே தன் பூ கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. வேற்றுமைகள் பக்கம் நிரம்பிவிட்டது.

அன்று முதல் அதுவே வழக்கம். கவிதை ஏ அவளுடையது. அதைச் சத்தமாகப் படிப்பாள். அவர் கேட்டுவிட்டு ஏதாவது ஓர் ஆட்சேபணை சொல்வார். அந்த ஆட்சேபணைதான் கவிதை பி. கேட்காமல் அவரால் ஒரு வரி எழுத முடியாது. கவிஞர்களுக்குப் பெயர் வைப்பதும் அவர் இலாகா. ஹெரால்ட் பிம் என்று ஒருவர், மிஸ் அகதா டூலி என்று ஒருத்தி. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம். பரீட்சைத் தாளில் அப்படித்தான் இருக்குமாம். இவர்கள் யாவரும் பயிற்சிக்காகக் கற்பித்தவர்கள் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டுவிடுவார்கள். பிம் எந்த வருஷம் சாகவேண்டும் என்று இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டே விவாதிப்பார்கள். நல்லசிவத்துக்குத் தன் கவிஞர்கள் இறந்தவர்களாக இருந்தால்தான் நிம்மதி. உயிரோடிருக்கிறவன் என்றைக்கிருந்தாலும் வந்து கேள்வி கேட்பான் என்பார்.

பதிப்பகத்துக்கு இதெல்லாம் தெரியாது. மறைக்கவேண்டும் என்று மறைத்ததில்லை. புருஷனைக் கொண்டு பாதி வேலை வாங்குகிறேன் என்று எந்தப் பெண்பிள்ளை போய்ச் சொல்லிக்கொண்டிருப்பாள்?

போன டிசம்பரில் ஒரு காலை, தன் மர நாற்காலியில் உட்கார்ந்து மட்டர் உரித்துக்கொண்டிருந்தார் நல்லசிவம். பட்டாணி என்று சொல்வதை அந்த வீட்டில் எப்போதோ விட்டுவிட்டார்கள். நெஞ்சை என்னவோ செய்கிறது என்றார். தாயம்மாள் வெந்நீர் வைக்கப் போனாள். வெந்நீருக்கு வேலை வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியிலிருந்து இறக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது. நொய்டாவிலிருந்து மகள் மது வந்தாள், ஊரிலிருந்து கொழுந்தன்மார் விமானத்தில் வந்தார்கள், யமுனைக்கரையில் நிகம்போத் சுடுகாட்டில் புகையும் பனியும் ஒன்றாகிக் கிடந்த மத்தியானத்தில் தகனம் நடந்தது. பாதி உரித்த மட்டரை யாரோ புலாவில் போட்டுவிட்டார்கள். வந்தவர்களுக்கு ஏதாவது செய்துபோட வேண்டுமே.

பதிப்பகத்திலிருந்து மேதா வந்து பார்த்துவிட்டுப் போனாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், முப்பது வயதுக்கு மேலிருக்கும். தாயம்மாளின் கையெழுத்துப் பிரதிகளைச் சரிபார்ப்பவள் அவள்தான். தமிழ் பேச வரும், படிக்க வராது. அவசரமே இல்லை ஆன்ட்டி, புதுப் பதிப்பு ஏப்ரலில்தான் என்று சொல்லிவிட்டு, தலைப்பை மட்டும் சொல்லத் தயங்கினாள். தாயம்மாளே கேட்டு வாங்கிக்கொண்டாள். நிலையாமை.

பிப்ரவரி முடிவில் உட்கார்ந்தாள். ஏ தானாக வந்தது. ஒரு காலி நாற்காலியைப் பற்றி. வெளிச்சம் அதன்மேல் ஏறி, உட்கார்ந்து, இறங்கிப் போகிறது. அவள் எழுதியவற்றிலேயே நல்ல கவிதை அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பிறகு பி. இந்த முறை ஒரு காலிக் கோப்பை. இரண்டையும் அனுப்பினாள். மறுநாளே மேதா போன் செய்தாள்.

“ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. ஏ-யும் அச்சா இருக்கு, பி-யும் அச்சா இருக்கு. ஆனா ரெண்டும் ஒரே ஆளு. ஒருத்தரே ரெண்டு கண்ணாலயும் அழற மாதிரி இருக்கு. பசங்க எதை கம்பேர் பண்ணுவாங்க?”

தாயம்மாள் இரண்டு தாளையும் எடுத்து மேஜையில் அருகருகே வைத்தாள்.

“எனக்குப் புரியுது ஆன்ட்டி. நீங்க கஷ்டப்படவே வேணாம். ஆபீஸ்ல இப்ப ஏஐ இருக்கு. பி-யை மட்டும் அதுகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல குடுத்துரும். நீங்க எஸ்ஸே எழுதிக் குடுங்க, அவ்வளவுதான்.”

நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். மேதாவைப் பொறுத்தவரை பி என்பது நிரப்பவேண்டிய ஓர் இடம். அந்த இடத்தில் இத்தனை வருஷம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தாயம்மாளுக்கு மட்டும், சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்த யாரோ ஒருவன் சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததுபோல இருந்தது.

“ஒரு வாரம் குடும்மா,” என்றாள். “பி-யையும் நானே தாரேன்.”

ஒரு வாரம் முழுவதும் அவள் நல்லசிவமாக முயன்றாள். உவமையை எடுத்தாள், எண்களைப் போட்டாள், வாக்கியங்களை நறுக்கினாள். வந்தவை எல்லாம் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்ட அவளாகவே இருந்தன. அவருடைய சொற்கள் அவளுக்குத் தெரியும், கணக்குப் போடும் புத்தி தெரியும். ஆனால் எதற்கு ஆட்சேபிப்பார் என்பது மட்டும் பிடிபடவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கூட இருந்த மனிதனின் அடுத்த வாக்கியம் தெரியவில்லை என்றால், இத்தனை நாளும் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்? அழுகை அதற்குத்தான் வந்தது. அவர் போனதற்கு இதற்கு முன்பே நிறைய அழுதாகிவிட்டது. இது வேறு. குரலும் போய்விட்டதா என்ற பயம். போட்டோவை மாட்டி வைக்கலாம், குரலை என்ன செய்வது? போனில் இரண்டு மூன்று பதிவு இருந்தது. எல்லாவற்றிலும் தயிர் வாங்கணுமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மது வந்திருந்தாள். அம்மா சாப்பிடாமல் மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அந்தப் பழைய நாற்காலியைப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனிடம் போட்டுவிட்டு நல்ல சோஃபா ஒன்று வாங்கலாம், அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மனசு எப்படித் தேறும் என்றாள். அதைத் தொடாதே என்று தாயம்மாள் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். மதுவின் முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு அதைச் சரிக்கட்ட இருவரும் மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போய்வந்தார்கள். படியேறும்போது மது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லசிவம் இருந்தால் படியை எண்ணிக்கொண்டு வருவார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை வேறாக இருக்கும்.

திங்கட்கிழமை மேதாவுக்குப் பதில் சொல்லவேண்டிய நாள். காலை வேலை முடிந்தது. கீழே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். தாயம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக எழுதுகிறாளே தவிர, ஏ-யை ஒரு தடவைகூடச் சத்தமாகப் படிக்கவில்லை. படித்தால்தானே அவர் சொல்வார். கேட்காமல் அவரால் ஒரு வரி எழுத முடியாது என்பது அவளுக்குத் தெரிந்ததுதானே.

ஆளில்லாத வீட்டில் உரக்கப் படிப்பது அசட்டுத்தனம். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். காலி நாற்காலி என்ற இடத்துக்கு வந்தபோது, அந்தக் காலி என்ற சொல் வலுவாக இருக்கிறதா என்று பார்ப்பவள்போல, பழக்கதோஷத்தில் நாற்காலியின் பக்கம் திரும்பினாள்.

நாற்காலியில் துவைத்துக் காய்ந்த துணி இருந்தது. இரண்டு துண்டு, ஒரு தலையணை உறை, அவளுடைய உள்பாவாடை, மேலே பிரிக்காத மின்சார பில். கைப்பிடியில் மது மறந்துவிட்டுப்போன துணிப்பை தொங்கியது.

“எங்கட்டி காலியா இருக்கு?”

கேட்டது என்று சொன்னால் மிகை. பேய் பிசாசு ஒன்றும் வரவில்லை. அவர் என்ன சொல்வார் என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் தெரிந்த வேகத்தில் அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. “பொய்ல்லா எழுதிருக்கே தாயி. சவத்த விடு, துணிய மொதல்ல மடி.”

அவள் துணியை மடிக்கவில்லை. நின்றபடியே யோசித்தாள். எப்போது ஆரம்பித்தது இது? பதினாறாம் நாள் முடிகிற வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வந்த ஆம்பிளைகள்கூடத் தரையில்தான் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு சால்வை. ஊருக்குக் கிளம்பின கொழுந்தன் மறந்து வைத்துவிட்டுப் போனது. அதை எடுக்க இரண்டு நாள் தள்ளிப்போட்டது நினைவிருந்தது. அதன்பிறகு பொங்கலுக்கு அக்கம்பக்கத்தில் கொடுத்த கரும்பைச் சாத்தி வைத்தாள். அதற்குத் தயங்கியதாக நினைவில்லை. துணி எந்த நாளில் ஏறியது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள் கையாலேயே தினமும் போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் நாற்காலி காலியாக இருக்கிறது என்று நெஞ்சுருகி எழுதிக்கொண்டு, இன்னொரு பக்கம் அதில் பாவாடையைப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஆங்கிலத்தில் அரைமணியில் எழுதி முடித்தாள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

*நாற்காலி ஒன்று. மரம். வலது கைப்பிடியில் கீறல்.*
*முதல் பார்வை: மேலே ஒன்றும் இல்லை.*
*இரண்டாம் பார்வை: சால்வை ஒன்று, கேட்பாரில்லை.*
*மூன்றாம் பார்வை: கரும்பு, சாத்தி வைத்தது.*
*இன்று: துண்டு இரண்டு, உறை ஒன்று, கட்டாத பில்.*
*காலி என்று எழுதிய அறிக்கை தவறு.*
*உட்கார இடம் இல்லை.*

கடைசி வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அது அவருடைய வரி. சந்தேகமே இல்லை. தனக்கு உட்கார இடம் இல்லை என்று அவரே வந்து பார்த்துவிட்டு, கோபம் எதுவும் இல்லாமல், அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போன வரி.

கட்டுரை தடையில்லாமல் வந்தது. முதல் கவிதையின் பேச்சாளருக்கு, மனிதர் நிலைப்பதில்லை. இரண்டாம் கவிதையின் பேச்சாளருக்கு, அவர் விட்டுப்போன வெற்றிடமும் நிலைப்பதில்லை. முதல் பேச்சாளர் இழப்பை அழகாக்குகிறார். இரண்டாமவர் அதைச் சரிபார்க்கிறார். எது அதிகத் துக்கம் என்பதை மாணவர் தம் சொந்தச் சொற்களில் நிறுவலாம். கவிஞரின் வாழ்க்கையை ஊகித்து எழுதக்கூடாது, அதற்கு மதிப்பெண் கிடையாது. இந்தக் கடைசிக் குறிப்பை அவள் எல்லாக் கட்டுரையின் அடியிலும் போடுவாள். இதற்கும் போட்டாள்.

மேதா சாயங்காலமே கூப்பிட்டாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

“ஆன்ட்டி, இதுதான் பி. பசங்களுக்கு எப்பவுமே பி-தான் ஜாஸ்தி பிடிக்கும், தெரியுமா? நான் பயந்துட்டேன். இப்ப நீங்க பழையபடி ஆயிட்டீங்க.”

பழையபடி. தாயம்மாள் வாயைத் திறந்தாள். இதை எழுதியவர் யார் என்று சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாள். ஆனால் எழுதியது யார்? இதுவரை எழுதியதெல்லாம் அவர் என்று சொல்லலாம். இதை என்ன சொல்வது? இதுவரை அவர் எழுதியது போலவே இதுவும் இருக்கிறது என்று மேதாவே சான்றிதழ் கொடுத்துவிட்டாள். அடுத்த வருஷமும் உரக்கப் படித்தால் பி வந்துவிடும், அதற்கடுத்த வருஷமும் வரும். புத்தகத்தில் ஓர் ஆள் குறைந்ததை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அவருடைய குரல் போகக்கூடாது என்று ஒரு வாரம் தவித்தாள். குரல் தங்கிவிட்டது. அது தங்கியதாலேயே, அவர் போனது தெரியாமல் போகிறது.

“ஒண்ணே ஒண்ணு பாக்கி ஆன்ட்டி,” என்றாள் மேதா. “பி-யோட கவிஞருக்கு 1958-ன்னு போட்டு, கோடு போட்டு, அப்படியே விட்டிருக்கீங்க. உயிரோட இருக்காரா?”

தாயம்மாள் நாற்காலியைப் பார்த்தாள்.

“இல்லம்மா. போன டிசம்பர்னு போடு.”

“அவ்வளவு சமீபமா இருந்தா பசங்க நெட்ல தேடுவாங்க, ஆன்ட்டி. கொஞ்சம் பழையவரா இருக்கட்டுமே. எண்பத்தெட்டுல செத்தார்னு போடட்டுமா? முப்பது வயசுல போனவர்னா பசங்களுக்கு இன்னும் பிடிக்கும்.”

எண்பத்தெட்டு ஆவணியில்தான் கோவில்பட்டியில் அவருக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. மேதாவுக்கு அது எப்படித் தெரியும்? வாயில் வந்த எண்ணைச் சொன்னாள். பிம் சாகவேண்டிய வருஷத்தைக் காப்பியோடு பேசி முடித்ததும் இப்படித்தானே. இந்தக் கூத்தைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான்.

“போட்டுக்கம்மா,” என்றாள்.

போனை வைத்துவிட்டு எழுந்தாள். நாற்காலியிலிருந்து துண்டுகளை எடுத்து மடித்தாள், உறையையும் உள்பாவாடையையும் மடித்தாள், பில்லை மேஜையில் வைத்தாள், பையைக் கதவுக் கொக்கியில் மாட்டினாள். ஈரத்துணியால் கைப்பிடியைத் துடைத்தாள். வலது பக்கக் கீறலில் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்தாள். நாற்காலி காலியாக இருந்தது. இப்போது ஏ உண்மையாகிவிட்டது, பி பொய்யாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்தாள்.

வெளியே இலவம்பூ விழத் தொடங்கியிருந்தது. இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பால்கனிக் கொடியிலிருந்து அன்றையத் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலில் மாத்திரையும் போர்வையும் கிடந்தன, மேஜையில் தாள்கள். இரண்டு கையிலும் துணியோடு சற்று நேரம் நடுவீட்டில் நின்றாள். கை வலித்தது.

பிறகு நாற்காலியில் போட்டாள்.